3டி படம்: எந்த சீட், எந்தக் கண்ணாடி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய 3டி படம் ஒன்று ரிலீஸ் ஆகும் வாரத்தில், கண்ணாடி அளவு எடுக்க வருகிறவர்கள் பவரைவிட சீட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். "எந்த ரோ சார் நல்லாயிருக்கும்?", "என் கண்ணாடிமேல 3டி கண்ணாடியைப் போட்டா தெரியுமா?", "எனக்கு மட்டும் ஏன் தலை வலிக்குது?" என்று வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது. திரையில் இருப்பது வெறும் தட்டைப் படம். ஆழம் உருவாவது உங்கள் இரண்டு கண்ணுக்கும் நீங்கள் உட்கார்ந்த இடத்துக்கும் இடையில். அதனால் ஒரே காட்சியை ஒரே நேரத்தில் பார்த்தாலும் ஆளுக்கு ஆள் ஆழம் மாறும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எந்த சீட்டை புக் பண்ணலாம்?

திரையின் நடுக்கோட்டில், அரங்கின் பாதியைத் தாண்டிக் கொஞ்சம் பின்னால். திரையின் அகலத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். 12 மீட்டர் அகலத் திரை என்றால் 18 மீட்டர். பெரும்பாலான மல்டிப்ளெக்ஸ்களில் இது பின்பக்கத்து மூன்றில் ஒரு பகுதியில் வந்து விழும்.

தூரத்தை எப்படி அளப்பது என்றால், உட்கார்ந்ததும் கையை முன்னால் நீட்டி முஷ்டியை மடக்குங்கள். நீட்டிய கையில் ஒரு முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மூன்று முதல் நான்கு முஷ்டி பிடித்தால் நல்ல இடம். ஆறு, ஏழு பிடித்தால் ரொம்ப முன்னால் இருக்கிறீர்கள். இரண்டுதான் பிடிக்கிறது என்றால் 3டிக்குக் கொடுத்த கூடுதல் காசு பாதி வீண்.

புக்கிங் ஆப்பில் ஒன்றைக் கவனியுங்கள். சில தியேட்டரில் 'ஏ' வரிசை கடைசியில் இருக்கும், சில தியேட்டரில் அதுவே திரைக்கு முன்னால் இருக்கும். எழுத்தை நம்பாதீர்கள். 'ஸ்க்ரீன் இந்தப் பக்கம்' என்று படத்தில் எங்கே போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு சீட்டைத் தொடுங்கள்.

தூரம் மாறினால் ஆழம் ஏன் மாறுகிறது?

இது கொஞ்சம் கணக்கு. ஆனால் இது புரிந்தால் மீதிக் கேள்விகளில் பாதிக்கு விடை தானாகக் கிடைத்துவிடும்.

பெரியவர்களுக்கு இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே சராசரியாக 6.3 சென்டிமீட்டர் இடைவெளி. இந்த இடைவெளியால் வலக்கண் பார்ப்பதும் இடக்கண் பார்ப்பதும் சற்றே வேறுபடும். அந்த வேறுபாட்டிலிருந்துதான் மூளை ஆழத்தைக் கணக்கிடுகிறது. இதை 1838இல் சார்லஸ் வீட்ஸ்டன் தன் ஸ்டீரியோஸ்கோப் கருவியால் காட்டினார். 3டி சினிமா செய்வதும் அதே வேலைதான். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம். இரண்டும் திரையில் எவ்வளவு விலகி விழுகின்றன என்பதை வைத்து, பொருள் திரைக்கு முன்னால் நிற்கிறதா பின்னால் நிற்கிறதா என்று நமக்குத் தோன்றுகிறது.

ஒரு ஈட்டி உங்களை நோக்கி வருகிறது. வலக்கண்ணுக்கான படம் இடப்பக்கமும் இடக்கண்ணுக்கான படம் வலப்பக்கமுமாக, திரையில் 6.3 சென்டிமீட்டர் மாறி விழுகின்றன. இரண்டு கண்ணிலிருந்தும் கோடு போட்டால் அவை திரைக்கும் உங்களுக்கும் சரிபாதித் தூரத்தில் வெட்டிக்கொள்ளும். ஈட்டியின் முனை அங்கேதான் தெரியும். நீங்கள் 6 மீட்டரில் இருந்தால் அது 3 மீட்டர் வெளியே வரும். 18 மீட்டரில் இருந்தால் 9 மீட்டர் வெளியே வரும். படம் ஒன்றுதான், ஈட்டி ஒன்றுதான்.

பின்னணிக்கும் இதே கணக்கு. தூரத்து மலைக்கான இரண்டு படங்களும் இந்த முறை இடம் மாறாமல், திரையில் 4.2 சென்டிமீட்டர் விலகி இருக்கின்றன என்று வைப்போம். உங்களுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தைப்போல மூன்று மடங்கு தூரத்தில் மலை தெரியும். 6 மீட்டர்காரருக்கு 18 மீட்டரில், 18 மீட்டர்காரருக்கு 54 மீட்டரில்.

திரையின் அகலமும் உயரமும் எல்லோருக்கும் ஒன்றே. ஆழம் மட்டும் சீட்டோடு சேர்ந்து நீள்கிறது, குறுகுகிறது. முன்வரிசையில் முகங்கள் பலகையில் ஒட்டியதுபோல் தட்டையாகத் தெரிவதும், கடைசி வரிசையில் மூக்கு நீண்டு தெரிவதும் இதனால்தான். படம் எடுப்பவர்கள் நடு அரங்கை மனதில் வைத்துத்தான் ஆழத்தை அளந்து வைக்கிறார்கள்.

முன்வரிசையில் உட்கார்ந்தால் எல்லாம் மூஞ்சிக்கு நேராக வரும் என்கிறார்களே?

1984இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற மலையாள 3டி படம் வந்தபோதிருந்தே இந்த நம்பிக்கை உண்டு. மேலே சொன்ன கணக்கைப் பார்த்தாலே தெரியும், மீட்டர் கணக்கில் அதிகமாக வெளியே வருவது பின்னால் இருப்பவருக்குத்தான். ஆனாலும் முன்வரிசைக்காரர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அவருக்குத் திரையின் ஓரங்கள் கண்ணில் படுவதில்லை. வெளியே வரும் பொருள் ஒன்றைத் திரையின் ஓரம் வெட்டினால் மூளை குழம்பும். முன்னால் நிற்கும் பொருளைப் பின்னால் இருக்கும் சட்டம் எப்படி மறைக்கும்? அந்த நொடியில் மாயம் கலைந்துவிடும். ஓரமே தெரியாதவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

அதற்கு அவர் கொடுக்கும் விலை கண் உழைப்பு. திரை 6 மீட்டரில் இருக்கும்போது 2 மீட்டரில் தெரியும் ஒரு பொருளைப் பார்க்க, கண்கள் 2 மீட்டருக்கு உள்நோக்கித் திரும்ப வேண்டும். ஆனால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் 6 மீட்டரிலேயே குவிந்திருக்க வேண்டும், ஏனென்றால் வெளிச்சம் வருவது திரையிலிருந்து. பிறந்ததிலிருந்து சேர்ந்தே இயங்கிப் பழகிய இரண்டு வேலைகளை இங்கே பிரிக்கச் சொல்கிறோம். இந்த முரண்பாட்டைக் கண்ணாடிப் பவர் அளக்கும் டயாப்டரில் சொன்னால், 6 மீட்டர் சீட்டில் அது மூன்றில் ஒரு டயாப்டர். அதே காட்சிக்கு 18 மீட்டர் சீட்டில் ஒன்பதில் ஒன்று. அதாவது முன்னால் இருப்பவருக்கு மூன்று மடங்கு சிரமம். இரண்டரை மணி நேரப் படத்தில் இது சும்மா இல்லை.

தலையை அண்ணாந்து பார்ப்பதால் வரும் கழுத்து வலி தனிக்கணக்கு.

கடைசி வரிசை மட்டும்தான் கிடைக்கிறது. போகலாமா?

போகலாம். கண்ணுக்கு சுகமான இடம் அது. ஆழம் கொஞ்சம் இழுத்ததுபோல் இருக்கும், படம் சின்னதாக இருக்கும், அவ்வளவுதான். எளிதில் தலை சுற்றுகிறவர்களுக்கு நானே கடைசி வரிசையைத்தான் சொல்வேன். முன்வரிசையா கடைசி வரிசையா என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம்.

சைடு சீட்?

இரண்டு காரணத்துக்காகத் தவிர்க்கலாம்.

முதலாவது, காட்சியே சாய்ந்துவிடும். வெளியே வரும் பொருள் யார் எங்கே உட்கார்ந்திருந்தாலும் அவரவரை நோக்கித்தான் வரும். நடுவில் இருப்பவருக்கு நேராக வரும் ஈட்டி, ஓரத்தில் இருப்பவருக்குக் குறுக்கே சாய்ந்து வரும். பின்னணி எதிர்ப்பக்கமாகச் சாயும். நேரான தாழ்வாரம் கோணலாகத் தெரியும். 2டி படத்தை ஓரத்திலிருந்து பார்த்தால் மூளை அதைச் சரிசெய்துகொள்ளும். 3டியில் அந்தச் சமாளிப்பு அவ்வளவாக நடப்பதில்லை.

இரண்டாவது, வெளிச்சம். போலரைஸ்டு முறையில், அதாவது ஒளி அதிரும் விதத்தை வைத்து இரண்டு கண்ணின் படங்களையும் பிரித்துக் காட்டும் தியேட்டர்களில் சாதாரண வெள்ளைத் திரை உதவாது. அது ஒளியைச் சிதறடித்து, இடக்கண் படத்தையும் வலக்கண் படத்தையும் கலந்துவிடும். அதனால் வெள்ளிப் பூச்சுள்ள 'சில்வர் ஸ்க்ரீன்' போடுகிறார்கள். அது ஒளியை நேராகத் திருப்பி அனுப்புவதில் கெட்டி. நடுவில் இருப்பவருக்குப் பளிச்சென்று இருக்கும், ஓரத்தில் இருப்பவருக்கு மங்கும். திரையின் ஒரு பாதி வெளிச்சமாகவும் மறு பாதி இருட்டாகவும் தெரிந்தால், புரொஜெக்டர் பழுது என்று ஆபரேட்டரைத் திட்டாதீர்கள். சீட்டின் குறை அது.

நடுவில் முன்னாலா, ஓரத்தில் பின்னாலா என்று இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டியிருந்தால் ஓரத்தில் பின்னால் போங்கள். தூரம் கூடக்கூடச் சாய்வுக் கோணம் குறையும்.

பக்கத்தில் இருப்பவர் தோளில் சாய்ந்ததும் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறதே?

காதலர்களுக்கும் தூங்கி வழிகிறவர்களுக்கும் 3டி ஒத்துவராது. இரண்டு படங்களும் கிடைமட்டமாகத்தான் விலகியிருக்கின்றன. தலையைச் சாய்த்தால் உங்கள் கண்கள் மேலும் கீழுமாகிவிடும், படங்கள் அப்படியே இருக்கும். பக்கவாட்டு விலகலைச் சேர்த்துப் பார்க்கக் கண்ணால் முடியும். மேல்கீழ் விலகலைச் சேர்க்க மிகக் கொஞ்சம்தான் முடியும். பழைய ஐமேக்ஸ் 3டியில் இருந்த நேர்கோட்டுப் போலரைசேஷன் (ஒளி ஒரே நேர்கோட்டில் அதிரும் முறை) என்றால் இன்னொரு தொல்லையும் சேரும். தலை சாயும்போது ஒரு கண்ணின் படம் மற்றக் கண்ணுக்குள் கசிந்து நிழல் விழும். ரியல்டி நிறுவனத்தின் முறை போன்ற வட்டப் போலரைசேஷனில் (ஒளி வட்டமாகச் சுழன்று வரும் முறை) கசிவு இருக்காது, ஆனால் மேல்கீழ் விலகல் இருக்கும். ரிக்லைனர் சீட்டில் பின்னால் சாய்வதில் பிரச்சினை இல்லை. பக்கவாட்டில் சாய்வதுதான் ஆகாது.

எனக்குப் பவர் கண்ணாடி உண்டு. 3டி கண்ணாடி போடும்போது அதைக் கழற்றிவிடலாமா?

கூடாது. 3டி கண்ணாடியில் பவர் எதுவும் இல்லை. அது எந்தப் படம் எந்தக் கண்ணுக்கு என்று பிரிக்கிற வெறும் வடிகட்டி. கிட்டப்பார்வை உள்ளவருக்குத் திரை எப்படி மங்கலாகத் தெரியுமோ அப்படித்தான் அதன் வழியாகவும் தெரியும்.

"மைனஸ் அரைதான் சார், படம் பார்க்கப் போதும்" என்பார்கள். மைனஸ் 0.50 உள்ளவருக்குக் கண்ணாடி இல்லாமல் தெளிவாகத் தெரிவது 2 மீட்டர்வரை. திரை இருப்பதோ பதினெட்டில். பகலில் கண்மணி சுருங்கியிருப்பதால் அந்த மங்கல் உறைக்காது. இருட்டு அரங்கில், அதன்மேல் ஒரு கறுப்புக் கண்ணாடியும் போட்டால், கண்மணி விரியும், மங்கல் கூடும். 2டி படத்தில் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் கதை புரியும். 3டியில் இரண்டு படங்களின் விளிம்புகளையும் மூளை நுணுக்கமாக ஒப்பிட்டாக வேண்டும். விளிம்பு மழுங்கினால் ஆழமும் மழுங்கும். குறிப்பாகச் செங்குத்து விளிம்புகள் தெளிவாக இருக்க வேண்டும். சிலிண்டர் பவரை (ஒரு திசை விளிம்புகள் மட்டும் கூடுதலாக மங்குவதைச் சரிசெய்யும் பவர்) அலட்சியம் செய்கிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

பிளஸ் பவர் உள்ள இளைஞர்களுக்குக் கண்ணாடி இல்லாமலும் திரை தெளிவாகத் தெரியும். ஆனால் அதற்காகக் கண் முழு நேரமும் பாடுபடும். ஏற்கெனவே சொன்ன குவிப்புத் தகராறு அதன்மேல் ஏறும்போது இடைவேளைக்குள் நெற்றி வலிக்கத் தொடங்கிவிடும்.

ஒரே விதிவிலக்கு, படிக்க மட்டும் கண்ணாடி போடுகிறவர்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தால் மங்கும். அதைப் பையில் வைத்துவிடுங்கள்.

எது உள்ளே, எது வெளியே?

பவர் கண்ணாடி உள்ளே, 3டி கண்ணாடி வெளியே. இடம் போதாமல் மாற்றிப் போடுகிறவர்கள் உண்டு. ஆகாது, அதற்கு இரண்டு காரணங்கள். பவர் லென்ஸ் கண்ணிலிருந்து தள்ளிப்போனால், பெரிய பவர்களில் அதன் வேலையே மாறிவிடும். அடுத்தது, உடையாத லென்ஸ் என்று விற்கப்படும் பாலிகார்பனேட் லென்ஸ்களுக்குள் அச்சில் வார்த்தபோது ஏற்பட்ட அழுத்தம் தங்கியிருக்கும். திரையிலிருந்து வரும் ஒளி அதன் வழியாக முதலில் புகுந்தால் போலரைசேஷன் கெட்டு நிழல் படம் தெரியலாம். 3டி கண்ணாடி வெளியே இருந்தால் பிரிக்கிற வேலை முதலிலேயே முடிந்துவிடும். பிறகு எந்த லென்ஸாக இருந்தாலும் கவலையில்லை.

இரண்டும் சேர்ந்து மூக்கில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

அகலமான, தடித்த பிளாஸ்டிக் ஃபிரேம்தான் இப்போது ஃபேஷன். 3டிக்கு எதிரி அதுதான். வீட்டில் பழைய மெல்லிய உலோக ஃபிரேம் கிடந்து, பவரும் பெரிதாக மாறவில்லை என்றால், அன்றைக்கு அதைப் போட்டுக்கொண்டு போங்கள். 3டி கண்ணாடியின் காதுக்கம்பி பவர் கண்ணாடியின் கம்பிக்கு மேலே போகட்டும். ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பக்கவாட்டில் அகலும்போதுதான் நழுவுகிறது. இரண்டு லென்ஸும் உரசாமல் ஒரு நூல் இடைவெளி இருப்பது நல்லது, இல்லாவிட்டால் படம் முடிந்து வரும்போது உங்கள் கோட்டிங்கில் கீறல் இருக்கும்.

மூன்று நான்கு பரப்புகள் அடுக்காக இருப்பதால் பின்னாலிருந்து வரும் 'வெளியே' விளக்கு, பக்கத்து சீட் செல்போன் எல்லாம் உள்ளே எதிரொளிக்கும். ஆன்டி-ரிஃப்ளெக்ஷன் கோட்டிங் உள்ள கண்ணாடியில் இது பெரிதும் குறையும்.

ப்ரோக்ரெசிவ், பைஃபோகல் போடுகிறேன்.

தூரத்துக்கான பவர் லென்ஸின் மேல்பாதியில் இருக்கிறது. ரிக்லைனரில் படுத்த வாக்கில் சாய்ந்தால் உங்கள் பார்வை லென்ஸின் கீழ்ப்பகுதி வழியாகப் போகும். அங்கே இருப்பது படிப்பதற்கான பவர். "படம் தெளிவாகவே இல்லை" என்று ப்ரோக்ரெசிவ்காரர்கள் சொன்னால் முதலில் அவர்கள் எப்படி உட்கார்ந்தார்கள் என்று கேட்பேன். முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தி, நிமிர்ந்து உட்காருங்கள். முன்வரிசை இவர்களுக்கு அறவே வேண்டாம், ஏனென்றால் அண்ணாந்தாலும் இதே கதைதான். ப்ரோக்ரெசிவ் லென்ஸின் இரண்டு பக்க ஓரங்களும் மங்கல் என்பதால் சைடு சீட்டும் வேண்டாம். தூரப்பார்வைக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி வைத்திருந்தால் அதைப் போடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

பவர் போட்ட கூலிங் கிளாஸ்?

அரங்குக்குள் வேண்டாம். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் என்றால் 3டி கண்ணாடியோடு சேர்ந்து படத்தை இன்னும் இருட்டாக்கும். வெயிலில் கறுக்கும் ஃபோட்டோக்ரோமிக் லென்ஸ் பரவாயில்லை. உச்சி வெயிலிலிருந்து நேராக உள்ளே போனால் தெளிய சில நிமிடங்கள் ஆகும், அதற்குத்தான் விளம்பரங்கள் ஓடுகின்றனவே.

கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் பார்க்கலாமா?

தாராளமாக. 3டிக்கு அதைவிட வசதி எதுவும் இல்லை. ஃபிரேம் சண்டை இல்லை, பார்வைப் பரப்பும் குறையாது. ஏசி காற்றில், கண் இமைக்க மறந்து பார்க்கும்போது லென்ஸ் உலரும் என்பது ஒன்றுதான் தொந்தரவு. அடிக்கடி இமையுங்கள். டாக்டர் சொன்ன சொட்டு மருந்து இருந்தால் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் அதிகம். எனக்கு 3டி தெரியுமா?

சரியான கண்ணாடி போட்டும் இரண்டு கண்ணும் ஓரளவு ஒரே தெளிவில் இருந்தால் தெரியும். ஒரு கண் மங்கலாகவே இருந்தால் ஆழம் குறையும். சிலருக்குக் கண்புரை அறுவையிலோ லேசரிலோ ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் என்று அமைத்திருப்பார்கள். அன்றாட வாழ்க்கைக்கு அது வசதி, 3டிக்கு இடைஞ்சல். தூரத்துக்கு இரண்டு கண்ணையும் சமன்செய்கிற ஒரு கண்ணாடி எழுதி வாங்கிக்கொண்டால் தீரும்.

சிறு வயதில் மாறுகண் அல்லது 'சோம்பேறிக் கண்' இருந்து, கவனிக்காமல் விட்டவர்களின் நிலை வேறு. அவர்களின் மூளை ஒரு கண்ணை ஒதுக்கிவைக்கப் பழகியிருக்கும். 3டி படம் அவர்களுக்குக் கொஞ்சம் இருண்ட 2டி படமாகத்தான் தெரியும். பலருக்கு இது தங்களுக்கு இருப்பதே தெரியாது. கூட வந்தவர்கள் கையை நீட்டிக் காற்றில் எதையோ பிடிக்கப் பார்க்கும்போதுதான் சந்தேகம் வரும்.

இது மாறவே மாறாது என்றுதான் ரொம்ப நாள் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. அமெரிக்காவின் சாண்டா குரூஸில் நரம்பியல் அறிஞராக இருந்த புரூஸ் பிரிட்ஜ்மேன், வாழ்நாளெல்லாம் ஆழப்பார்வை இல்லாமல் இருந்தவர். 2012இல், தன் 67ஆவது வயதில், 'ஹ்யூகோ' படத்தை 3டியில் பார்க்கப் போனார். தனக்கு 3டி கண்ணாடி வீண் என்று நினைத்துக்கொண்டுதான் போட்டார். படத்தின் நடுவே பாத்திரங்கள் திரையிலிருந்து எழுந்து நின்றன. வெளியே வந்த பிறகும் விளக்குக் கம்பங்கள் பின்னணியிலிருந்து பிரிந்து நின்றன என்று அவரே சொன்னார். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று டிக்கெட் வாங்கிவிட வேண்டாம். ஆனால் "உனக்கு வராது" என்று யாரையும் வீட்டில் விட்டுவிட்டுப் போகவும் வேண்டாம்.

எனக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. குடும்பத்தோடு 3டிக்குப் போகிறேன். கண்ணாடி அவசியமா?

அவசியம். போடாவிட்டால் இரண்டு படமும் ஒரே கண்ணில் விழுந்து எல்லாம் இரட்டையாகத் தெரியும். போட்டால் ஒரு படம் மட்டும் தெளிவாக, 2டியாகத் தெரியும்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

3டி படம் பார்த்துக் கண் கெட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியின் நிலைப்பாடு. பிரான்சின் அன்செஸ் என்ற அரசு நிறுவனம் 2014இல் எச்சரிக்கையாகப் பேசியது: 6 வயதுக்குக் கீழ் வேண்டாம், 13 வரை அளவாக. இரண்டையும் படித்துவிட்டு நான் சொல்வது, 6 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு 2டி காட்சியே போதும். எப்படியும் கண்ணாடியைப் பாதியில் கழற்றிவிடுவார்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அவர்களின் கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரம் பெரியவர்களைவிடக் குறைவு. அதே படம் அவர்களுக்குக் கூடுதல் ஆழமாகத் தெரியும். பின்னணிப் படங்கள் திரையில் 6 சென்டிமீட்டர் விலகியிருந்தால் உங்கள் கண்கள் ஏறத்தாழ இணையாக நின்று சமாளிக்கும். 5 சென்டிமீட்டர் இடைவெளி உள்ள பிள்ளையின் கண்கள் வெளிப்பக்கமாக விரிய வேண்டியிருக்கும். கண்ணுக்கு இயல்பான வேலை அல்ல அது. ஆகவே பிள்ளைகளோடு போனால் இன்னும் இரண்டு வரிசை பின்னால் தள்ளி உட்காருங்கள். பின்னால் போகப் போக இந்த விரிவுக் கோணம் குறையும். பெரியவர்களுக்கான கண்ணாடி அவர்கள் மூக்கிலிருந்து இறங்கி, மேல்பாதிப் படம் கண்ணாடிக்கு வெளியே தெரியும். சின்ன அளவு இருக்கிறதா என்று வாசலிலேயே கேளுங்கள். கண்ணாடி தலைகீழாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படிப் போட்டால் இடம் வலம் மாறி, முன்னால் இருப்பது பின்னாலும் பின்னால் இருப்பது முன்னாலும் தெரியும். பிள்ளைக்கு ஏதோ சரியில்லை என்று தெரியும், என்னவென்று சொல்லத் தெரியாது.

3டி படம் ஏன் எப்போதும் இருட்டாகவே இருக்கிறது?

இரண்டு கண்ணுக்கும் ஒளியைப் பங்கு போடுவதால். டிஜிட்டல் சினிமாவில் 2டி படத்துக்குத் திரையின் நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது தரம். 3டியில் கண்ணாடி வழியாகக் கண்ணை வந்து சேர்வது பல அரங்குகளில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். புரொஜெக்டர் விளக்கு பழையதானால் அதுவும் இருக்காது. இரவுக் காட்சிகள் நிறைந்த படம் என்றால், லேசர் புரொஜெக்டர் உள்ள அரங்கைத் தேடிப் போவது வீண் செலவல்ல.

தியேட்டரில் கொடுக்கும் கண்ணாடி சுத்தமா?

உறையில் போட்டுக் கொடுத்தாலும் ஒரு முறை துடைத்துவிடுங்கள். மூக்கில் படும் இடத்தையும் காதுக்கம்பியையும் ஈரத் துடைப்பானால் துடையுங்கள். லென்ஸை மெல்லிய துணியால் துடையுங்கள், வேட்டி நுனியாலும் துப்பட்டாவாலும் அல்ல. ஒரு கண்ணின் லென்ஸில் மட்டும் கைரேகைப் பிசுக்கு இருந்தால் அந்தக் கண் மங்கலாகி, ஆழம் போய், தலைவலிதான் மிஞ்சும். கீறல் இருந்தால் கூச்சப்படாமல் மாற்றிக் கேளுங்கள்.

ஊரில் மெட்ராஸ் ஐ பரவும் பருவத்தில் பொதுக் கண்ணாடி வேண்டாம். உங்களுக்கே கண் சிவந்திருந்தால் படத்துக்கே போகாதீர்கள். அடுத்த காட்சிக்கு அந்தக் கண்ணாடியைப் போடப் போகிறவர் யார் வீட்டுப் பிள்ளையோ.

சொந்தமாக ஒரு 3டி கண்ணாடியோ, பவர் கண்ணாடிமேல் மாட்டும் கிளிப்போ வாங்கிக்கொள்ளலாமா?

பவர் கண்ணாடிக்காரர்களுக்குக் கிளிப் நல்ல யோசனை, தியேட்டரின் முறையோடு ஒத்துப்போனால். எல்லா 3டியும் ஒன்றல்ல. வட்டப் போலரைசேஷன் ஒன்று, நேர்கோட்டுப் போலரைசேஷன் ஒன்று, நிறங்களைப் பிரிக்கும் டால்பி முறை ஒன்று, இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மறைக்கும், பேட்டரியில் ஓடும் ஷட்டர் கண்ணாடி ஒன்று. ஒன்றுக்கான கண்ணாடி மற்றதில் உதவாது.

உங்களிடம் இருப்பது எது என்று முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று கண்டுபிடிக்கலாம். 3டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு கண்ணை மூடுங்கள். திறந்திருக்கும் கண்ணின் லென்ஸ் கறுப்பாகவும், மூடிய கண் தெளிவாகவும் தெரிந்தால் அது வட்டப் போலரைசேஷன். திறந்த கண் தெளிவாகவும் மூடிய கண்பக்கம் கறுப்பாகவும் இருந்தால் நேர்கோடு. வட்டமாகச் சுழலும் ஒளி, முகம் பார்க்கும் கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது சுழலும் திசை மாறிவிடுகிறது. ஆகவே அந்த ஒளியால் தான் வந்த லென்ஸுக்குள்ளேயே திரும்பப் புக முடிவதில்லை. பிள்ளைகளிடம் செய்துகாட்டுங்கள், படத்தைவிட இது பிடித்தாலும் பிடிக்கும்.

வீட்டு டிவிக்காக வாங்குவதாக இருந்தால் யோசியுங்கள். சாம்சங் 2016இலும், எல்ஜியும் சோனியும் 2017இலும் 3டி டிவிகளை நிறுத்திவிட்டன. பழைய எல்ஜி 3டி டிவி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் வட்டப் போலரைசேஷன் கண்ணாடி அதற்கும் பொருந்தும்.

நடு சீட்டில் உட்கார்ந்து, சரியான கண்ணாடி போட்டும் தலை வலிக்கிறது, குமட்டுகிறது.

உடனே செய்ய வேண்டியது: 3டி கண்ணாடியோடேயே கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் இருங்கள். வேகமான சண்டைக் காட்சி முடியும்வரை பார்க்காவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையைப் பார்க்காதீர்கள், இரட்டைப் படம் குமட்டலைக் கூட்டும். இடைவேளையில் எழுந்து வெளியே போய்த் தூரத்தில் எதையாவது பாருங்கள். பின்வரிசையில் காலி சீட் இருந்தால் கேட்டு மாறிக்கொள்ளுங்கள்.

ஒரு படத்தோடு போனால் அந்தப் படத்தின் குறையாக இருக்கலாம். 2டியில் எடுத்துவிட்டுப் பிறகு அவசரமாக 3டியாக மாற்றிய படங்களில் ஆழம் தாறுமாறாக இருக்கும். எந்த 3டி படம் பார்த்தாலும் வலிக்கிறது, அல்லது எதிலுமே ஆழம் தெரியவில்லை என்றால், கண் பரிசோதனைக்குப் போங்கள். போகும்போது "பவர் பாருங்கள்" என்று மட்டும் சொல்லாமல், 3டி பார்த்தால் என்ன ஆகிறது என்பதைச் சொல்லுங்கள். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் படிக்கிறவருக்கும் இரண்டு கண்ணும் சேர்ந்து இயங்குவதில் கோளாறு இருக்கலாம். அதற்குத் தனிச் சோதனைகள் உண்டு, கேட்டால்தான் செய்வார்கள்.